பழைய திரையில் புதிய ஒளி

கொங்கு மண்ணின் மக்களிடம் ஒரு நற்பண்பு உண்டு. இனி எதற்கும் ஆகாது என்று முற்றிலும் தெளியும்வரை எந்தப் பொருளையும் அவர்கள் வீசி எறிவதில்லை. கவலை இறைத்த காலம் போய்க் கிணற்றுக்கு மின்மோட்டார் வந்தபின், கவலையைத் தாங்கிய கல்தூண்கள் மாட்டுத் தொழுவத்துக்குக் கால்களாயின. மில்லில் கழிக்கப்பட்ட பாபின் கட்டைகள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்களாயின. கோவை உக்கடத்துப் பழைய பொருள் கடைகளின் முன் நின்று, ஓர் இரும்புத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது எதுக்காவது ஆகுமுங்களா?” என்று கேட்கும் மனிதர்களை இன்றும் காணலாம். இதனைக் கஞ்சத்தனம் என்று எண்ணுவோர் உழைப்பின் அருமை அறியாதவர்கள்.

ஆயினும் அண்மைக் காலத்தில் ஒரு பொருளின் முன்னால் இந்தப் பண்பும் தயங்கி நிற்கின்றது. அதுதான் பழைய கணினித்திரை. மக்கள் வழக்கில் மானிட்டர். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு ‘விண்டோஸ் 10’ என்னும் மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. அதனை அடுத்த ‘விண்டோஸ் 11’ பழைய கணினிகள் பலவற்றில் ஏறுவதில்லை. ஆகவே பள்ளிகளும் பட்டறைகளும் பங்கு அலுவலகங்களும் கணினியை மாற்ற வேண்டியதாயிற்று. கணினி மாறியது, திரையோ பழுதின்றி நன்றாகவே இருந்தது. இரண்டையும் இணைக்க முற்பட்டபோதுதான், பழைய திரையின் கேபிளுக்குப் புதிய கணினியில் நுழைய இடமே இல்லை என்பது தெரியவந்தது.

எங்கள் பங்கு அலுவலகத்திலும் இதுவே நிகழ்ந்தது. அதனைப் பற்றி எழுத ஒரு குருவுக்கு என்ன இருக்கின்றது என்று வாசகர்கள் கேட்கலாம். பழையதும் புதியதும் ஒன்றையொன்று எவ்வாறு சந்திக்கின்றன, எப்போது சந்திக்க இயலாமல் போகின்றன என்பது திருச்சபையின் இருபது நூற்றாண்டுக் கேள்வி. அதற்குரிய விடையின் ஒரு பகுதியை ஒரு சிறு கருவி என் மேசைமீது செய்துகாட்டியது. அதையே இங்கே பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில், இந்தப் பிணக்கு எவ்வாறு தோன்றியது என்று காண்போம். பழைய திரையின் கேபிளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் நீல நிறத் தலை. மூன்று வரிசைகளில் ஐந்தைந்தாகப் பதினைந்து ஊசிகள் கொண்ட அமைப்பு. இருபுறமும் திருகுவதற்குத் திருகாணிகள். வி.ஜி.ஏ. என்று அழைக்கப்படும் இம்முறையை 1987-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அந்நாளைய திரைகள் பெரும்பாலும் பருத்த கண்ணாடிக் குழாய்கள். குழாயின் பின்பகுதியிலிருந்து பாயும் எலக்ட்ரான் கற்றை முன்பகுதியின் உட்புறத்தைத் தாக்கி ஒளிரச் செய்யும். மின்னழுத்தம் எவ்வளவோ, ஒளியும் அவ்வளவு. எனவே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் மூன்று கம்பிகளில், சுழியத்திலிருந்து ஏறத்தாழ 0.7 வோல்ட்டுவரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் பயணம் செய்தன. வரி எங்கே தொடங்குகின்றது, முழுப்படம் எங்கே தொடங்குகின்றது என்பதை அறிவிக்க மேலும் இரண்டு கம்பிகள். வாய்க்காலில் ஓடும் நீரின் மட்டம் ஏறுவதும் தாழ்வதும் போன்றது இந்தப் பேச்சு.

புதிய கணினியின் பேச்சு வேறு. அது எண்களால் பேசுகின்றது. செபமாலையின் மணிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்வதுபோல், இப்புள்ளிக்கு இவ்வளவு சிவப்பு, இவ்வளவு பச்சை, இவ்வளவு நீலம் என்று எண்ணி அனுப்புகின்றது. 1999-இல் டி.வி.ஐ. என்னும் முறையும், 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. என்னும் முறையும், 2006-இல் டிஸ்ப்ளேபோர்ட் என்னும் முறையும் இவ்வகையில் வந்தன. 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி. ஆகிய பெரிய நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய வி.ஜி.ஏ. முறையை 2015-க்குள் கைவிடும் நோக்கத்தை அறிவித்தன. அவ்வாறே அது படிப்படியாகப் புதிய கணினிகளிலிருந்து மறைந்தது. கண்ணாடிக் குழாய் போய்த் தட்டைத் திரை வந்த பின்னரும் நீண்ட காலம் பல திரைகளில் நீலநிற வாய் மட்டுமே இருந்தது. அவைதாம் இன்று பேச்சுத் துணையின்றி மூலையில் இருக்கின்றன.

எங்கள் அலுவலகத்துத் திரை பதினேழு அங்குலத் தட்டைத் திரை. ஏறக்குறையச் சதுர வடிவம். அதன் அடிப்பாகத்தில் வெள்ளை வண்ணத்தில் ஓர் இளைஞனின் பெயரும், ‘நினைவாக’ என்ற சொல்லும், 2007 என்ற ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் ஒரே மகன், பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தவன், காய்ச்சலில் இறந்துபோனான். அவனது இறுதியாண்டுக் கட்டணத்துக்கெனப் பெற்றோர் சேர்த்து வைத்திருந்த பணத்தில் வாங்கிக் கொடுத்த திரை அது. தந்தையும் பின்னர் இறந்தார். தாய் மட்டும் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் திருப்பலிக் கருத்து எழுதுவதற்காக அலுவலகத்துக்கு வருவார். எழுதி முடித்ததும் சேலைத் தலைப்பால் அந்தத் திரையை ஒருமுறை துடைப்பார். பிறகு கேட்பார்: “இது ஓடுதுங்களா சாமி?” வேறொன்றும் கேட்டதில்லை.

அந்தத் திரையின் முன் அமர்ந்து பணியாற்றுபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளிலிருந்து சான்றிதழ்களைப் படியெடுத்துத் தருவது அவருடைய தொண்டு. பதிவேட்டின் ஒரு முழுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை தெரிவதற்கு அந்தச் சதுரத் திரையே ஏற்றது என்பது அவருடைய கருத்து. “அகலமான திரையில பாதிப் பக்கந்தானுங்க தெரியும், கண்ணும் கையும் அலையணும்” என்பார். பங்குப் பேரவையில் இது பேசப்பட்டது. பம்பு செட் பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர் எழுந்து, “புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமுங்க சாமி. பழசோட மல்லுக்கட்டுற நேரத்துக்கும் கூலி இருக்குதில்லீங்களா?” என்றார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆனால் புதியது வாங்கும் சில ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வரும்? ஏழைப் பிள்ளைகளின் கல்வி நிதியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே இத்திரை ஒளிருமா ஒளிராதா என்னும் கேள்விக்குள் ஒரு தாயின் நினைவும், ஒரு முதியவரின் தொண்டும், முகம் தெரியாத இரண்டொரு மாணவரின் கட்டணமும் அடங்கியிருந்தன.

எங்கள் பங்கில் ஐ.டி.ஐ. பயின்ற இளைஞர் ஒருவர் இப்பணியை ஏற்றுக்கொண்டார். முதலில் நகரத்துக் கடை ஒன்றில் ஒரு கேபிள் வாங்கி வந்தார். அதன் ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ. தலை, மறுமுனையில் பதினைந்து ஊசிகளுடன் நீலத் தலை. “இதுவே போதும்” என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். கணினியில் ஒரு முனை அழகாகப் பொருந்தியது. திரையில் மறுமுனை அழகாகப் பொருந்தியது. திருகாணிகளும் முறுக்கப்பட்டன. ஆனால் திரையில் தோன்றியது ஒரே ஒரு செய்தி: சிக்னல் இல்லை.

பொருந்துதல் வேறு, இணைதல் வேறு. இந்த உண்மையை அந்தக் கேபிளைவிடத் தெளிவாக எந்த மறையுரையும் எனக்கு உணர்த்தியதில்லை. அதன் உள்ளே வெறும் கம்பிகளே இருந்தன. ஒருபுறத்து எண்கள் மறுபுறத்துக்கு எண்களாகவே சென்றன. எண்களைப் படிக்க அறியாத திரை, அவை வந்ததையே உணரவில்லை. நம் இல்லங்களிலும் இதனைக் காண்கின்றோமே! ஒரே கூரை, ஒரே மேசை, ஒரே குடும்பச் செபம். எல்லாம் பொருந்தியிருக்கின்றன. ஆயினும் தாத்தாவின் சொல் பேரனிடமும் பேரனின் சொல் தாத்தாவிடமும் சென்று சேர்வதில்லை. கம்பி இருக்கின்றது, சிக்னல் இல்லை.

தேவைப்படுவது மொழிபெயர்ப்பாளர். எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சிறு சில்லு ஒன்றைத் தன்னுள் கொண்ட கருவியைக் கன்வெர்ட்டர் அல்லது மாற்றி என்கின்றார்கள். கட்டைவிரல் அளவே இருக்கும். விலையும் சில நூறு ரூபாய்தான். கோவைக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. 1932-இல் நீலகிரியின் பைக்காராவில் மின்உற்பத்தி தொடங்கியது. அந்த மின்சாரம் சமவெளிக்கு இறங்கிவந்தபோது நம் நகரில் ஆலைகள் பெருகின. மலையிலிருந்து மிகுந்த அழுத்தத்தில் வந்த மின்சாரத்தை எந்த ஆலையும் அப்படியே ஏற்றதில்லை. இடையில் நின்ற டிரான்ஸ்ஃபார்மர் அதனைத் தணித்துக் கொடுத்தது. பைக்காராவைப் போற்றும் நாம், நடுவில் நின்ற அந்த இரும்புப் பெட்டிகளை நினைப்பதில்லை.

இத்தகைய மாற்றியை வாங்குமுன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்கு உதவும் என்பதால் சொல்கின்றேன். முதலாவது, பழைய திரையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நீல வாயின் அருகே வெள்ளை நிறத்தில் அகன்ற டி.வி.ஐ. வாய் ஒன்று இருந்தால் நீங்கள் பேறுபெற்றவர்கள். டி.வி.ஐ. திரையும் எச்.டி.எம்.ஐ. கணினியும் படத்தைப் பொறுத்தவரை ஒரே எண்மொழியையே பேசுகின்றன. ஆடை மட்டுமே வேறு. அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இருபுறமும் உரிய தலைகள் கொண்ட எளிய கேபிளே போதும். எங்கள் திரையில் அத்தகைய வாய் இல்லை.

இரண்டாவது, மாற்றி ஒருவழிப் பாதை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது ஒன்று, வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது மற்றொன்று. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றொன்றாகப் பயன்படுத்த இயலாது. பெட்டியின்மீது எது எங்கிருந்து எங்கே என்று படித்து வாங்க வேண்டும். மூன்றாவது, புதிய மடிக்கணினிகளில் காணப்படும் யு.எஸ்.பி.-சி வாய்கள் எல்லாம் படம் அனுப்புவன அல்ல. சில, மின்னேற்றத்துக்கும் கோப்புகளைக் கடத்துவதற்கும் மட்டுமே உரியவை. கணினியின் குறிப்பேட்டைப் பார்த்தே தெளிய வேண்டும். நான்காவது, வி.ஜி.ஏ. கம்பியில் ஒலி செல்லாது. படம் வந்தபின் ஓசை இல்லையே என்று திகைக்க வேண்டாம். மாற்றியின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையில் ஒலிபெருக்கியை இணைக்கலாம், அல்லது கணினியிலேயே நேரடியாக இணைக்கலாம்.

ஐந்தாவது செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. மாற்றிக்கு மின்சாரம் வேண்டும். வெறும் கேபிளுக்கு அது தேவையில்லை, ஏனெனில் அது எதையும் செய்வதில்லை. மொழிபெயர்க்கும் சில்லு உழைக்கின்றது. உழைப்பதற்கு ஊட்டம் வேண்டும். கணினியின் எச்.டி.எம்.ஐ. வாயிலிருந்தே 5 வோல்ட் மின்சாரம் சிறிதளவு அதற்குக் கிடைக்கின்றது. அது போதாதபோது படம் விட்டுவிட்டு வரும், அல்லது வராமலே போகும். அதற்காகவே சில மாற்றிகளில் தனியாக மின்சாரம் தரும் கம்பியும் உண்டு. சிறிது நேரம் ஓடிய மாற்றியைத் தொட்டுப் பாருங்கள்; வெதுவெதுப்பாக இருக்கும்.

இந்த இடத்தில் நம் மறைமாவட்டத்தின் பழைய உபதேசியார்கள் என் நினைவுக்கு வந்தார்கள். 1850-இல் கோவை தனி மறைப்பணித் தளமாகவும் 1886-இல் மறைமாவட்டமாகவும் உயர்ந்த காலத்தில் பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் இங்கே பணியாற்றினார்கள். அவர்களுடைய இலத்தீன் இறையியலுக்கும் நம் சிற்றூர் மக்களின் பேச்சுக்கும் நடுவில் நின்றவர்கள் உபதேசியார்கள். குருவானவர் மாதக்கணக்கில் வர இயலாத ஊர்களில் செபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளைச் சந்தித்து, இறந்தோரை அடக்கம் செய்தவர்கள் அவர்கள். கோவில்களைக் கட்டியவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. பெரும்பாலான உபதேசியார்களின் பெயர்கள் எங்கும் இல்லை. படம் தெளிவாகத் தெரியும்போது மாற்றியை யார் பார்க்கிறார்கள்? புனித பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினான்காம் அதிகாரத்தில், பரவசப் பேச்சு என்னும் கொடையைப் பெற்றவர் அதனை விளக்கும் ஆற்றலுக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்கிறார். விளக்குவாரில்லாத பேச்சு சபையை வளர்ப்பதில்லை என்பது அவருடைய கவலை.

மாற்றி வந்தது, இணைக்கப்பட்டது, திரை ஒளிர்ந்தது. ஆயினும் முடிவு இன்னும் வரவில்லை. முதலில் தோன்றியது எங்கள் தேர்த் திருவிழா நிழற்படம். அதில் பங்கு மக்கள் அனைவரும் ஒரே இரவில் மெலிந்து நெடிதுயர்ந்தவர்கள்போல் காட்சியளித்தார்கள். எழுத்துகளும் மங்கித் தெரிந்தன. காரணம் இதுதான். தறியில் இத்தனை பாவு நூல், இத்தனை ஊடை நூல் என்று கணக்கு இருப்பதுபோல் ஒவ்வொரு தட்டைத் திரைக்கும் ஒரு நெசவுக் கணக்கு உண்டு. எங்கள் திரைக்குக் குறுக்கே 1280, நெடுக்கே 1024. ஆக 13,10,720 புள்ளிகள். கணினியோ 1920-க்கு 1080 என்ற அகன்ற கணக்கில் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. அகலத் தறிக்கு நெய்ததைச் சிறு தறியில் திணித்தால் உருவம் நெளியாமல் என்ன செய்யும்?

இதனைத் தவிர்க்கவே ஓர் அழகிய ஏற்பாடு உள்ளது. கணினி பேசுவதற்குமுன் திரையைப் பேசவிடும் முறை அது. 1994 முதல் வழக்கில் உள்ள ஒரு பொதுநெறிப்படி, திரை தன்னுள் 128 பைட் அளவிலான ஒரு சிறு குறிப்பை வைத்திருக்கின்றது. தன்னை உருவாக்கியவர் யார், தான் பிறந்த ஆண்டு எது, தன்னால் காட்ட இயலும் அளவுகள் எவை என்பன அதில் அடங்கும். கேபிள் இணைந்தவுடன் கணினி அந்தக் குறிப்பைக் கேட்டுப் படித்து, அதற்கேற்பத் தன் படத்தை அமைத்துக்கொள்கின்றது. ஊசி வளைந்திருந்தாலோ, மலிவான மாற்றி அந்தக் குறிப்பைச் சரிவரக் கடத்தாவிட்டாலோ, கணினி தானாக ஓர் அளவை ஊகித்துக்கொள்ளும், முகங்கள் நெளியும். அப்போது நாமே திரை அமைப்புப் பக்கத்துக்குச் சென்று உரிய அளவைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். எங்கள் இளைஞர் 1280-க்கு 1024 என்று தேர்ந்ததும் மக்கள் தங்கள் இயல்பான உருவத்துக்குத் திரும்பினார்கள். பின்னர் திரையின் விளிம்பில் ‘ஆட்டோ’ என்று எழுதப்பட்ட பொத்தானை ஒருமுறை அழுத்தினார். சில நொடிகளில் எழுத்தின் மங்கலும் நீங்கியது. மின்னழுத்தமாக வந்ததைத் தன் புள்ளிகளோடு திரை மீண்டும் பொருத்திக்கொள்ளும் வேலை அது.

குருமடத்து மெய்யியல் வகுப்பில் நாங்கள் கற்ற ஒரு கோட்பாடு அன்று புதிதாக விளங்கியது. பெறப்படுவது எதுவாயினும் அது பெறுபவரின் இயல்புக்கேற்பவே பெறப்படுகின்றது என்னும் கருத்தைப் புனித தோமா அக்குவினாஸ் பல இடங்களில் எடுத்தாள்கிறார். கொடுப்பவரிடம் எவ்வளவு செல்வம் இருப்பினும் ஏற்பவரின் கொள்கலம் அறியாமல் கொடுத்தால் அது கொடையாவதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-ஆம் நாள் வெளியிட்ட ‘இறை வெளிப்பாடு’ என்னும் ஏட்டின் பதின்மூன்றாம் பத்தி, புனித யோவான் கிறிசோஸ்தோமின் சிந்தனையைப் பின்பற்றி, கடவுள் நம் இயல்புக்கேற்பத் தம்மைத் தாழ்த்தி நம் மொழியில் பேசியதை வியந்து போற்றுகின்றது. எல்லாம் அறிந்தவர் நம் சிறு திரையின் குறிப்பை முதலில் படித்தார். நம்மால் தாங்க இயலும் அளவில் தம் ஒளியை அனுப்பினார். பெத்லகேமின் குழந்தை அந்த அளவு.

ஆயினும் நம் ஆண்டவரே வேறொரு வார்த்தையும் சொல்லியிருக்கிறாரே என்று நீங்கள் கேட்பது சரியே. புதிய மதுவைப் பழைய தோற்பைகளில் ஊற்றுவதில்லை என்றும், புதிய துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப் போடுவதில்லை என்றும் மத்தேயு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் கூறுகிறார். அதே நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், விண்ணரசைப் பற்றிக் கற்றுத் தேர்ந்த மறைநூல் அறிஞர் தம் கருவூலத்திலிருந்து புதியனவற்றையும் பழையனவற்றையும் வெளிக்கொணர்பவர் என்றும் கூறுகிறார். இவ்விரண்டும் எவ்வாறு ஒத்துப்போகும்?

ஒட்டுத்துணி உவமையைச் சற்று உற்றுநோக்குங்கள். கிரேக்க மூலத்தில் அங்கே வரும் சொல் வெறுமனே ‘புதிய’ என்று பொருள்படாது. வண்ணான் கைபடாத, நனைத்து வெளுக்கப்படாத துணி என்று பொருள்படும். சோமனூரிலும் பல்லடத்திலும் திருப்பூரிலும் வாழ்வோர்க்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. தறியிலிருந்து இறங்கிய அந்நிலைத் துணியை நாம் காடாத் துணி என்கின்றோம். காடாவை அப்படியே பழைய ஆடையில் ஒட்டித் தைத்தால் முதல் சலவையில் அது சுருங்கும்; சுருங்கும்போது பழைய துணியையும் இழுத்துக் கிழிக்கும். நனைத்துச் சுருக்கிய புதுத்துணியில் அந்தத் தீங்கு இல்லை. ஆகவே ஆண்டவரின் எச்சரிக்கையில் பழையதற்கு மட்டுமன்றிப் புதியதற்கும் ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. பழையதோடு சேர விரும்பும் புதியது, முதலில் நீரில் இறங்கித் தன் முறுக்கைத் தணித்துக்கொள்ள வேண்டும். 1920-க்கு 1080 காட்டவல்ல கணினி 1280-க்கு 1024-க்கு இறங்கியதே, அதுதான் அந்தச் சலவை.

தோற்பை உவமை பழையதை நோக்கிய கேள்வி. விரிந்து கொடுக்கும் தன்மை அதில் எஞ்சியிருக்கின்றதா? எஞ்சியிராத பழைமையைப் பிடித்து வைப்பதும் பற்றுதான், பக்தி ஆகாது. கண்ணாடிக் குழாய்த் திரைகள் இன்னும் சில இடங்களில் கிடக்கின்றன. அவற்றில் பல மங்கிப் போனவை. மின்சாரத்தை மிகுதியாக உண்பவை. அவற்றை ஒருபோதும் திறந்து பார்க்க வேண்டாம். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் உயிரைப் பறிக்கவல்ல மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கலாம். குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. பழைய தட்டைத் திரைகள் பலவற்றின் உள்விளக்கில் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைத்துச் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை எரித்தால், அந்நஞ்சு எரிப்பவரின் நெஞ்சிலும், நாம் குடிக்கும் நீரிலும் சேரும்.

2022-ஆம் ஆண்டில் உலகம் வெளியே தள்ளிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருப்பது 22.3 விழுக்காடு மட்டுமே என்றும் ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. நம் நாட்டில் 2022-இல் வகுக்கப்பட்ட மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடமே இக்கழிவு சென்று சேர வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் வீசியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார். பொருள்களை விரைவில் குப்பையாக்கும் அதே மனப்பான்மை மனிதரையும் ஒதுக்கித் தள்ளுகின்றது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். அந்தத் தொடர்பைப் பங்கு மேய்ப்பர்கள் நாள்தோறும் காண்கின்றோம். பழைய திரைக்கு அலுவலகத்தில் இடமில்லை என்று சொல்லும் குரலுக்கும், பழைய மனிதருக்கு வீட்டில் இடமில்லை என்று சொல்லும் குரலுக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு.

எங்கள் ஆசிரியை மீண்டும் பதிவேடுகளைப் படியெடுக்கிறார். புதிய கணினி வேகமாக ஓடுகின்றது. பழைய திரை முழுப் பக்கத்தையும் காட்டுகின்றது. செலவு கல்வி நிதியைத் தொடவில்லை. அந்த நவம்பரில் அத்தாய் வழக்கம்போல் வந்து, துடைத்து, கேட்டார். “ஓடுதுங்க அம்மா” என்றேன். அவர் தலையசைத்தார். அந்த விடைக்காகச் செலவிட்ட நேரத்துக்குக் கூலி கணக்கிட்டால் எவ்வளவு ஆகும் என்று பட்டறை அன்பரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “அந்தக் கணக்கு எங்க புக்குல வராதுங்க சாமி” என்றார்.

என்றோ ஒருநாள் இத்திரையும் ஓயும். அதன் உள்விளக்கு மங்கும். அப்போது அந்தப் பெயரெழுதிய பகுதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, எஞ்சியதை உரியவர்களிடம் நன்றியோடு ஒப்படைப்போம். ஓய்வுக்கும் ஒரு மாண்பு உண்டு. விளக்கு எரியும்வரை அதன் முன்னால் ஒரு பணி இருக்க வேண்டும், அவ்வளவே.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்தில் மாற்றியாக இருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். முதிய மாமியாரின் சொல்லைப் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளின் உலகை மாமியாருக்கும் பெயர்த்துச் சொல்லி, இரு பக்கத்தாரின் சினத்தையும் தன்மேல் வாங்கிக்கொண்டு நடுவில் வெதுவெதுப்பாக நிற்கும் ஓர் அன்னையோ, ஓர் அத்தையோ, ஒரு மூத்த மகனோ நிச்சயம் இருப்பார். அவருக்குச் சேர வேண்டிய அந்தச் சிறு மின்சாரம் சேர்கின்றதா? ஒரு நன்றிச் சொல், ஒரு மணிநேர ஓய்வு, அவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம். அன்பியக் கூட்டங்களில் இளையோரும் முதியோரும் தனித்தனியே அமர்ந்திருக்கும்போது, இடையில் ஒரு நாற்காலி போட்டு அமர யாரேனும் முன்வருகின்றார்களா?

யாரையும் ஒதுக்கி வைக்குமுன், எதையும் கழித்துக் கட்டுமுன், ஒருமுறை பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நாம் எதிர்பார்த்த வாய் அங்கே இல்லாமல் இருக்கலாம். வேறொரு வாய் திறந்திருக்கக்கூடும்.